பைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர்

மே 11

இந்தச் சுற்றுலாவில் நடப்பதை உள்ளது உள்ளபடியே எழுதப் போகிறேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் மாற்ற மாட்டேன்.

முதல் உண்மை: எல்லாருக்கும் களைப்பு. ரயிலில் யாரும் தூங்கவில்லை. அப்பாவுக்கு இடுப்பு வலி, அண்ணனுக்குப் பசி, எனக்கு ஹெலிகாப்டரில் பறக்கப்போகும் நினைப்பு. அம்மா ஏன் தூங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வாடகை அறையில் அடுப்பு இருக்கிறது. அதனால் அம்மாவுக்கு இங்கேயும் சமையல்.

மே 12

ஹெலிகாப்டர் விதிமுறைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வெளிர் நிற உடை கூடாது. ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்து, நாம் எடுக்கும் படம் கெடும். துப்பட்டா, கைப்பை கூடாது. எல்லாருக்கும் காதுமூடி தருவார்கள். யார் பேசினாலும் கேட்காது.

“அப்ப உன்கூடத் தைரியமா பறக்கலாம், புத்தகப்புழு” என்றான் அண்ணன்.

ஜன்னல் பக்கம் எனக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். ஒரு வருடமாக நச்சரித்தது நான்தானே!

நால்வரின் கறுப்பு, நீல உடைகளையும் அம்மா வாளியில் துவைத்துப் போட்டாள்.

மே 13

மூடுபனி. பறக்கவில்லை. நாளைதான் கடைசி வாய்ப்பு.

ஈரம் போகாத துணிகளை அம்மா இஸ்திரி போட்டே உலர்த்தினாள். நடுவில் கேட்டாள்: “மேலேருந்து பாத்தா இந்த ரூம் தெரியுமாடி?” பிறகு, நான் தூங்கிவிட்டதாக நினைத்து, கூந்தலை இறுக்கிக் கட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

மே 14 (மறுநாள் விடிந்ததும் எழுதியது)

எடை பார்த்தார்கள். போனில் பதிவு செய்தபோது அப்பா தன் எடையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்! எடை மேடையில் ஏறி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

“சார், வயித்த உள்ள இழுத்தா எடை குறையாது” என்றார் அலுவலகத்து அக்கா. “கொஞ்சந்தான் கூடுது. ஆனா ஒருத்தர் நின்னுக்கணும்.”

அப்பா வானத்தைப் பார்த்தார். அண்ணன் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். அம்மா பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க போயிட்டு வாங்க. இதையெல்லாம் யாரு பாத்துக்குவா?”

போன வருடம் படகுத்துறையிலும் இதே வாக்கியம். எந்தப் படத்திலும் அம்மா இல்லை.

“எனக்குக் காது வலிக்குது. நான் வரல” என்றேன்.

வலிக்கவில்லை. இங்கே பொய் எழுத முடியாதே.

அலுவலகத்து அக்கா என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் அம்மா ஏறினாள். நான் பைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் பை இவ்வளவு கனமா? ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனபோது அழுதுவிட்டேன். நல்லவேளை, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் அண்ணன் சிரித்தான். “அம்மா வாயப் பொளந்துட்டுத் தூங்கிட்டாங்க! அருவிகிட்ட போனப்பகூட எழுந்திரிக்கல!”

எனக்கு எப்படி இருக்கும்? கோபம்தான் வந்தது. விறுவிறுவென்று அறைக்கு நடந்தேன். இரவு சாப்பிட்டுப் படுத்ததும் கேட்டுவிட்டேன்: “ஏம்மா தூங்கின? நான் உனக்காக...”

“அந்தக் காதுமூடியப் போட்டுவிட்டாங்களா... யாரு கூப்பிடறதும் கேக்கல. எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா?” படுத்தபடியே என் பக்கம் திரும்பினாள். “காதுவலி எப்படி இருக்கு? எந்தக் காது?”

“இடது.”

“காலையில வலதப் பிடிச்சிட்டு நின்னே.”

அம்மா கையை நீட்டி என் வலது காதைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே தூங்கிப்போனாள்.

“பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கே...” என்று அண்ணன் அவளை எழுப்ப வந்தான். அப்பா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். “நீயும் நானும் காலையில கழுவிக்கலாம்டா. சத்தம் போடாதே.”

விளக்கை அணைத்துவிட்டார்.