மூன்று ஊர் போதும் என்றேன்

அப்பா,

இன்று காலை சுவரிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்தேன். பெயின்டும் கூடவே பெயர்ந்து வந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பசை நாடா. எந்திரத்தில் ஒட்டினால் பத்து வருடம் நிற்கும் என்று பெருமையடித்துக்கொண்டுதான் உங்கள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டினேன். உங்கள் டத்தோ கிராமாட் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் சாவி கேட்கிறார். இனி எடுக்க வேண்டியது அந்த மேசையும் கம்ப்யூட்டரும்தான்.

தாள் பிளாஸ்டிக் உறைக்குள் புதுசாகவே இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ‘விரைவான பொருளாதார வெற்றி’. கீழே பதினான்கு படிகள், உங்களுக்காகத் தமிழில் அடித்தது. பத்து காவானில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலை மேசைக்கு முன்னாலும் இப்படி ஒரு தாள் தொங்கும். எந்தக் கை எதை எடுக்க வேண்டும், எத்தனை விநாடிக்குள் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று, தேவையில்லாத அசைவு எது என்று பார்த்து அதை வெட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கெட்டிக்காரி என்று பெயர் வேறு. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை உங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். உங்களோடு எனக்கு இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை நானே வெட்டினேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அப்பா.

அம்மா போய், முட்டி வலியால் நீங்கள் லோரியை விட்டு இறங்கிய வருடம், கல்லூரிக் காலத்தில் நான் ஆடிய கம்ப்யூட்டர் ஆட்டத்தை உங்களுக்கு ஏற்றிக் கொடுத்தேன். வெறும் நிலத்தில் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். அவர்களுக்கு ஊர் அமைத்து, வயல் வைத்து, சாலை போட்டு, கப்பல் விட்டு, ஒரு நாகரிகத்தையே பல ஆயிரம் வருடம் நடத்திக்கொண்டு போக வேண்டும். சுற்றுச் சுற்றாகப் போகிற ஆட்டம். ‘அடுத்த சுற்று’ என்று நாம் அமுக்கும்வரை உலகம் அப்படியே காத்திருக்கும். சண்டை போட்டு ஜெயிக்கலாம், அறிவியலில் ஜெயிக்கலாம், வியாபாரத்தில் ஜெயிக்கலாம். உங்களுக்கு ஜெயிக்கிற எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டம் தருகிற பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, லோரி ஓட்டிய ஊர்களின் பெயரை வைப்பீர்கள். தைப்பிங், சுங்கை பட்டாணி, தாப்பா, கம்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாப்பாவைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பக்கம் எதிரியே கிடையாது, மலையும் நாலு ஆடும்தான்.

“எதுக்குப்பா இங்க மதிலு? வேஸ்ட்டு லா.”

“தாப்பா மா இது. அங்க ஆக்சல் ஒடஞ்சு ரெண்டு நாளு கெடந்தேன். ரோட்டோரத்து வீட்டுக்காரரு ரெண்டு நாளும் கூப்பிட்டு சோறு போட்டாரு. பேரு கூட கேக்கல நானு. ஒரு மதிலு கட்டுனா என்னா இப்ப?”

பன்னிரண்டு சுற்று ஆனது அந்த மதிலுக்கு. நான் வாங்கி வந்த ரொட்டி சானாய் ஆறி, தே தாரேக்கில் ஆடை கட்டிவிட்டது. சுங்கை பட்டாணியில் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் பூங்கா கட்டினீர்கள். கேட்டால், அந்த ஊர் பஸ் ஸ்டேஷனில்தான் அம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன் என்றீர்கள். அம்மாவே எனக்குச் சொல்லாத விஷயம். முப்பத்து நாலு வயதில், ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்தின் நடுவில், என் அப்பாவும் அம்மாவும் சந்தித்த கதையைத் தெரிந்துகொண்டேன்.

சின்ன வயதில் எனக்கு நீங்கள் வாசலில் கிடக்கிற பெரிய செருப்புதான். வருவீர்கள், தூங்குவீர்கள், நான் பள்ளி விட்டு வருவதற்குள் செருப்பு போயிருக்கும். பேசவே வராத மனிதர் என்று முப்பது வருடம் நம்பியிருந்தேன். ஊர் ஒவ்வொன்றாகக் கட்டும்போதுதான் பேச்சு வந்தது உங்களுக்கு. ஒரு ஊருக்கு ஒரு கதை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் நாலு. ஓர் ஆட்டம் முடிய மூன்று மாதம் ஆகும்.

அந்த ஆட்டங்களில் கடைசி ஆட்டத்தில்தான் எட்டாவது ஊருக்குக் கோலா லிப்பிஸ் என்று பெயர் வைத்தீர்கள். அந்தப் பக்கம் உங்களுக்கு ரூட்டே இல்லையே என்று கேட்டேன். நாற்காலியை என் பக்கம் திருப்பினீர்கள்.

“அது பெரிய கத மா.”

நான் அதற்குள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தேன். கடல் பாலத்தில் ஜேம் ஆகிவிடும், பிள்ளை தேடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் பையைப் பார்த்தீர்கள்.

“சரி மா, அடுத்த ஆட்டத்துல சொல்றேன்.”

அடுத்த ஆட்டம் வருவதற்குள் எனக்கு வேலையில் பதவி உயர்ந்துவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான். நான் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தாண்டி வந்தால், மத்தியானத்துக்குள் திரும்பி ஒரு வாரத்துக்குச் சமைத்து வைக்க வேண்டும். உங்களைப் பார்க்காமல் இருக்க மனம் வரவில்லை, உட்காரப் பொறுமையும் இல்லை. அதனால் ஆட்டத்தை வேகப்படுத்தினேன். தொழிற்சாலையில் ஒரு வேலை மெதுவாக நடந்தால் என்ன செய்வேனோ அதையேதான் செய்தேன்.

இரண்டு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் கணக்குப் போட்டேன். மற்ற ஐந்து நாடுகளின் தலைநகரிலும் நம் வணிகர் போய்க் கடை திறந்துவிட்டால் பொருளாதார வெற்றி. அதற்குப் பொன் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். எட்டு ஊர் எதற்கு? மூன்று போதும், மூன்றும் கடலோரத்தில். முதல் வேலையாக ஆளனுப்பி ஐந்து நாட்டையும் கண்டுபிடித்துவிட வேண்டும், ஏனென்றால் தெரியாதவனிடம் எதையும் விற்க முடியாது. கோயிலுக்கு முன்னால் சந்தை. மதில் கூடவே கூடாது. பக்கத்து ராஜா முறைத்தால் மிச்சமான உப்பைக் கொடுத்துச் சமாதானம் வாங்கிக்கொள்ளலாம். கப்பல்கள் கிட்டத்துத் துறைமுகத்துக்குப் போகக் கூடாது, தூரம் கூடினால்தான் லாபம் கூடும். எதையும் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, பொன் கொடுத்து உடனே வாங்க வேண்டும். கடைசி இருபது சுற்றில் படையைக் கலைத்துவிட்டு, தானியக் களஞ்சியங்களை விற்று, அந்தப் பொன்னில் மிச்ச வணிகர்களை அனுப்பிவிட வேண்டும். அதுதான் பதினான்காவது படி. அதில் எனக்குத் தனிப் பெருமை.

நீங்கள் அந்தப் படியில்தான் விரலை வைத்தீர்கள்.

“அரிசி ஸ்டோர வித்துட்டா, அப்புறம் சனங்க என்னா சாப்பிடும்?”

“அப்புறம்னு ஒன்னு இல்லப்பா. ஜெயிச்சதும் ஆட்டம் முடிஞ்சிரும். அதுங்களுக்குப் பசி வர்றதுக்குள்ள நாம போயிரலாம்.”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. தாளை இன்னொரு தரம் மேலிருந்து படித்தீர்கள்.

“எந்த மூனு ஊரு மா வைக்கிறது?”

“எந்த மூனா இருந்தா என்னப்பா?”

தைப்பிங், சுங்கை பட்டாணி, தாப்பா என்று வைத்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே மூன்றுதான். மூன்றின் கதையும் நான் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. அதனால் பேச எதுவும் இல்லாமல் போனது. “இப்ப எத்தனாவது படி?” என்று கேட்பீர்கள், நான் சொல்லுவேன். வெறும் சாலையில் கூட அறுபதுக்கு மேல் ஓட்டாத மனிதர், ‘பதறாத காரியம் சிதறாது’ என்று என் வாயை அடைத்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மறுத்துப் பேசவே இல்லை. “நீ படிச்சவ மா” என்றீர்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாத ஆட்டம் ஒரு காலைக்குள் அடங்கியது. அலுவலகத்தில் போய்ப் பீற்றிக்கொண்டேன், அப்பா. எங்கள் அப்பாவுக்கே ஒரு செயல்முறைத் தாள் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். முதலில் இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு ஒன்றரை மணி. வாரத்துக்கு வாரம் உங்கள் விரல் வேகமானது. உங்களுக்கும் வேகத்தின் ருசி பிடித்துவிட்டது என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

கடைசி ஞாயிறு ஐம்பது நிமிடம். ஐந்தாவது கடை திறந்து, திரையில் வாணவேடிக்கை வந்தது. நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

“போதுமா மா? நேரத்தோட கெளம்பு. பாலத்துல ஜேம் ஆயிரும்.”

நான் வாங்கி வந்த தோசைப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வையுங்கள், எறும்பு வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் உங்களிடம் கடைசியாகச் சொன்னது எறும்பைப் பற்றி.

புதன்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். நான் பாலத்தைத் தாண்டுவதற்குள் நீங்கள் இல்லை. நெஞ்சு அடைத்துவிட்டது என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்த அக்காதான் கூட இருந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தார். பள்ளிக் கேன்டீனில் வேலை செய்கிறவர், கை ஓயாது. கழுவிக்கொண்டே சொன்னார்.

“ஒங்கப்பா தெனமும் காலையில அந்தக் கேம தட்டிக்கிட்டு இருப்பாரு மா. பக்கத்துல கடிகாரம் வேற. என்னாண்ணே, சின்னப் புள்ள மாரி வெளாட்டுன்னு கேட்டேன். வெளாட்டு இல்ல மா, பழகுறேன்னாரு.”

“என்னாத்துக்குப் பழகுனாராம்?”

“ஞாயித்துக்கெழம பாப்பா வரும், அதுக்கு ஆயிரம் வேல கெடக்கு, நான் லேட்டு பண்ணா பாவம் அதுக்கு ஜேம் ஆயிரும்னாரு. நல்ல மனுசன் மா.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து, முடிந்த ஆட்டங்களின் பட்டியலைப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் தைப்பிங், சுங்கை பட்டாணி, தாப்பா. ஒவ்வொரு நாளும் இரண்டு சுற்று, மூன்று சுற்று குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கடைசி ஆட்டம் அந்தப் புதன்கிழமை காலையினுடையது.

என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்க வாரம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பழகியிருக்கிறீர்கள், அப்பா. நான் கேட்காமலே கேட்டதை நீங்கள் சொல்லாமலே செய்துவிட்டீர்கள். ‘கொஞ்ச நேரம் இரு மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். இப்படி எழுதும்போதே தெரிகிறது, பழியை உங்கள் மேல் தள்ளப் பார்க்கிறேன். நீங்கள் சொல்லியும் இருக்க மாட்டீர்கள். என் தோளில் பை எப்போதும் மாட்டியே இருந்தது.

கோலா லிப்பிஸைப் பற்றி விசாரித்தேன். உங்களோடு லோரி ஓட்டிய கூட்டாளி ஒருவரைப் பாசாரில் காய்கறி வாங்கும்போது பிடித்துக் கேட்டேன். “லிப்பிஸா? அந்தப் பக்கம் அவன் போனதே தெரியாதே மா. அவன்தான் பேசுற ஆளே இல்லையே” என்றார். உங்கள் கூடப் பிறந்த அத்தையும் கையை விரித்துவிட்டார். யாரையாவது அங்கே விட்டுவிட்டு வந்தீர்களா, யாராவது உங்களைக் காப்பாற்றினார்களா, நல்லதா, கெட்டதா, ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல ஒரே ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். அவளுக்கு அன்றைக்கு நேரமில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு இப்போது திரும்பி நின்று கும்பிடத் திசை கூடத் தெரியவில்லை.

வேலைக்குப் போகிறேன். போன வாரம் கூட ஒரு மேசையில் நாலு விநாடி குறைத்துக் கொடுத்தேன். அந்த மேசையில் இருக்கிற அக்கா ஒவ்வொரு பொருளையும் வைத்த பிறகு அதை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார். அது தேவையில்லாத அசைவு என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றேன். ஆனாலும் எழுதினேன், அப்பா. என்னிடமிருந்து இது போகிற மாதிரி இல்லை.

போன ஞாயிறு பிள்ளையை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நாள் முழுக்க இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கைப்பையை வெளியே நிறுத்திய காடியிலேயே வைத்துப் பூட்டினேன். பத்து மணிக்கு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து புது ஆட்டம் தொடங்கினேன். நீங்கள் ஆடுகிற மாதிரி ஆட வேண்டும், எட்டு ஊர் கட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் மதில் வைக்க வேண்டும், அவசரமே படக் கூடாது என்று நினைத்தேன். முதல் ஊரைக் கடலோரத்தில் வைத்தேன். இரண்டாவதையும் அங்கேயே வைத்தேன். பக்கத்து ராஜா முறைத்தான், உப்பை அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டிருக்கும்போதே விரல் அமுக்கிவிட்டிருந்தது.

மெதுவாக ஆடத்தான் உட்கார்ந்தேன், அப்பா. பதினொரு மணிக்கெல்லாம் ஜெயித்துவிட்டேன்.