சத்தத்தை அணைத்துவிட்டு அம்மா கற்ற பந்து

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், அவளுடைய வலது தோள்பட்டை ஒன்றைத் தவிர. நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இதை என் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து போன் பண்ணினால் அவள் அடுத்த அறையில் துணி மடிக்கிற சாக்கில் காது கொடுப்பாள், அப்புறம் எதுவுமே கேட்காதவள் போல என்னிடமே வந்து விசாரிப்பாள். மத்தியானத்தில் கண் பரிசோதனைக்கு யாரும் வருவதில்லை, வருகிற ஒன்றிரண்டு பேரும் ஃபிரேமை மாட்டி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுகிறார்கள். உன் தம்பிக்கு இரவு ஷிஃப்ட் முடிந்து பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது, முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கிறது. நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடி ரிப்பேர். ஐந்து மாடி ஏறி இறங்கி என் முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. நம் வீட்டில் பேசாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் சுலபமாக வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா கிரிக்கெட் ஆடுகிறாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி. காலையில் நடக்கப் போகிற பெண்களையெல்லாம் சேர்த்து மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா ஒரு அணி ஆரம்பித்தார். சாயங்காலம் கார்கள் திரும்பி வருவதற்குள் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் பக்கத்துக் கட்டடத்தோடு ஆட்டம். உன் அம்மாவை ஸ்கோர் எழுதத்தான் கூப்பிட்டார்கள். இவள் பந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். என்ன பந்து என்று கேட்டதற்கு லெக் ஸ்பின் என்றாளாம். ஓட முடியாதவர்களுக்கு அதுதான் தோது என்று என்னிடம் காரணம் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஆனால் நிஜமான காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கணக்குத் தணிக்கை வேலையை விட்டுவிட்டு லெக் ஸ்பின் பயிற்சியாளராகப் போகிறேன் என்று சொன்ன அன்று, பந்து உருட்டக் கற்றுக் கொடுப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவள் கேட்டாள். நீ சும்மா இருந்தாயா? வாழ்நாளில் ஒரு பந்தையாவது கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்டாய். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அன்றைக்கும் நான் யார் பக்கமும் பேசவில்லை, இன்றைக்கும் பேசப் போவதில்லை, பேசினால் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்பாய். நீதான். புதிதாகப் பந்து போட வருகிற பெண்களுக்காக நம் மொழியில் பேசி நீ போடுகிற வீடியோக்களை ஒன்று விடாமல் பார்க்கிறாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஹாலில் நின்று கையைச் சுழற்றி சோபாவைப் பார்த்துப் பந்தை விடுவாள். சோபா முதுகில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, வீடியோவில் சத்தமே வராது. போன் ரிப்பேரா, கடைக்குக் கொடுக்கட்டுமா என்றேன். அவள் பேச்சைக் கேட்பதற்காக ஒன்றும் பார்க்கவில்லை, கையை மட்டும்தான் பார்க்கிறேன் என்றாள். பிடிவாதத்தில் நீ யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஆட்டத்தில் பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் வரிசையாக ஆட்டமிழந்தார்கள். லெக் ஸ்பின் என்றால் மட்டையை விட்டு வெளியே திரும்பும் என்று அவர்கள் காத்திருக்க, உன் அம்மாவின் பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பைத் தட்டியது. பல் டாக்டரம்மா ஓடி வந்து, இது கூக்ளி, பெரிய ஆட்டக்காரர்களே வருஷக்கணக்கில் பழகிப் போடுவது, உங்களுக்கு எப்படி வந்தது என்று கையைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருப்பவள் போல நின்றாள். கட்டடத்தில் இப்போது அவளுக்குக் கூக்ளி அக்கா என்று பெயர். ஆனால் அந்த வாழ்வு கொஞ்ச நாள்தான். இந்த அம்மாவிடம் இருப்பது ஒரே பந்து, அது உள்ளேதான் வரும் என்று எதிரணிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்கப்புறம் சாவகாசமாகக் காலை முன்னே வைத்து மைதானத்துக்கு வெளியே அடித்தார்கள். ஒழுங்கான லெக் ஸ்பின் போட்டுப் பார்க்கிறேன் என்றாள், வரவில்லை. அது தெரியாமல் கூக்ளி மட்டும் தெரிந்த ஆளைப் பார்த்ததே இல்லை என்றார் பல் டாக்டரம்மா. கூடவே தோள்வலியும் வந்து, மேல் அலமாரியிலிருந்து டம்ளர் எடுக்க முடியாமல் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். எனக்குக் கிரிக்கெட் தெரியாது, ஆனால் இது தெளிவா அது தெளிவா என்று கேட்டே காலம் தள்ளியவன். உன் கையையும் அவள் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பந்து உள்ளங்கைக்குள் ஆழமாக இருப்பது, தலை ஒரு பக்கம் சாய்வது, விடும்போது புறங்கை எதிராளியைப் பார்த்துத் திரும்புவது, எல்லாம் அச்சு அசல் நீதான். அப்புறம்தான் கவனித்தேன், நீ ஒவ்வொரு வீடியோவிலும் இரண்டு விதமாகப் போடுகிறாய். முதலில் ஒரு மாதிரி போட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறாய், பிறகு வேறு மாதிரி போடுகிறாய். எதற்காகத் தலையை ஆட்டுகிறாள் என்று கேட்டேன். உன் அம்மா அசராமல் சொன்னாள்: “முடி கண்ணுல விழுது, தள்ளி விடுறா. இழுத்துக் கட்டுன்னு சின்ன வயசுலேருந்து சொல்றேன், கேட்டாத்தானே.” நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சத்தத்தை வைத்துக் கேள் என்று சொன்னேன், முறைத்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஹாலில் உன் குரல் கேட்டது. நான் பேப்பரை இறக்கவில்லை. இப்படித்தான் நிறையப் பேர் தப்பாகப் போடுவார்கள், நீங்கள் இப்படிப் போடாதீர்கள், பந்தும் எதிர்ப்பக்கம் திரும்பும், தோளும் போய்விடும் என்று நீ சொன்னாய். செய்யாதே என்று நீ காட்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து அவள் கண்ணும் கருத்துமாகக் கற்றிருக்கிறாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், இல்லாவிட்டால் கத்துவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. அதையே மறுபடி போட்டுக் கேட்டாள். பிறகு நீ புதிதாகப் போட்டதைக் கேட்டாள், பிறகு பழையது ஒன்றை. பந்து மடியில் சும்மா கிடந்தது. கடைசியில் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “இவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. பழையதுல இப்படி இல்ல. பனியில நின்னு கத்திக் கத்திச் சொல்லிக் கொடுக்கிறா போலிருக்கு. எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேளுங்க.” நீயே கேளேன் என்றேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அந்த நிமிஷம் உங்கள் இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது புறங்கை சரியாகிவிட்டது. ஆனால் பந்து நேராகப் போய் விழுகிறது, எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. மோதிர விரல் எந்த நேரத்தில் பந்தை உருட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய சந்தேகம். யாரோ கேட்டதாக உனக்கு எழுதிக் கேட்கச் சொன்னாள். நான் கண்ணைச் சோதிக்கிறவன், விரலுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நீ மைதானத்திலிருந்து வந்ததும் தானே போன் பண்ணப் போவதாகச் சொன்னாள். பந்து விஷயமாக மட்டும்தான் என்றும் சொன்னாள். நான் எழுதியது தெரிந்தால் மனம் மாறினாலும் மாறிவிடுவாள், ஆகவே மூச்சு விடாதே.

போனை எடு. சிரிக்காதே, அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பிக்காதே. உன்னிடம் வருகிற மற்றவர்களுக்குச் சொல்வது போலவே விரலைப் பற்றி முழுசாகச் சொல். தோள் ஆறுகிற வரைக்கும் பந்தைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டாள், உன் பேச்சை இப்போது கேட்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, வெந்நீர் குடி. நீ நன்றாக இரு, உன்னிடம் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும், அதில் உன் அம்மாவும் சேர்த்தி.

மறக்காமல் ஒன்று. தொண்டைக்கு என்ன என்று அவள் கேட்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்று உடனே சொல்லி முடித்துவிடாதே. கொஞ்ச நேரம் கவலைப்பட விடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா