வாகைச் சுருள் மாலை

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. ஆமாம், அப்பாவேதான், பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுதித் தரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம்.

பிரசவத்துக்கு வரச் சொல்லி நீ கூப்பிட்டபோதெல்லாம் பட்டறையில் வேலை என்று தட்டிக் கழித்தேன் அல்லவா, உண்மையில் பயம். அம்மாவால் பஸ் ஏற முடியாது, நானோ போன தடவை யாரோ கை காட்டிய பஸ்ஸில் ஏறி வேறு ஊரில் போய் இறங்கியவன். அதனால்தான் எழுதப் படிக்கச் சொல்லித் தரும் மாலை வகுப்பில் சேர்ந்தேன், உன்னிடம் மூச்சு விடவில்லை. தேறினால் உன்னிடம் வருவது, இல்லாவிட்டால் இல்லை என்று வைராக்கியம்.

நேற்று பரீட்சை. டீச்சரம்மா நியூஸ் பேப்பரை நீட்டினார். 'பெண்கள் அணி வாகை சூடியது' என்று தடங்கலில்லாமல் படித்துவிட்டேன், ஆனால் மனது கேட்கவில்லை. 'வாகைன்னா மரமாச்சே டீச்சரம்மா, தினம் அறுக்கிறேன், அதைத் தலையில வச்சா கழுத்து என்னத்துக்கு ஆகும்' என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தக் காலத்தில் போரில் ஜெயித்தவர்கள் வாகைப் பூவைச் சூடுவார்களாம், அப்படியே பூவின் பெயர் வெற்றிக்கே பெயராகி நிலைத்துவிட்டதாம். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. 'நீங்களும் தேறிட்டீங்க ஐயா' என்றார் பார், வீடு வரை கால் தரையில் படவில்லை.

இன்று பட்டறையில் இதைச் சொன்னதும், நானும் வாகை சூடியே ஆகவேண்டும் என்று மேஸ்திரி விடவில்லை. இது பூக்கிற காலம் இல்லையே என்றேன். 'பூ இல்லாட்டி என்னய்யா, மரம் இருக்கு' என்று இழைப்புளியில் விழுந்த வாகைச் சுருள்களை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டார். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், சந்தோஷத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. தெரு முழுக்கத் தும்மிக்கொண்டே வந்தேன். அம்மா வாசலிலேயே மறித்து, 'ஜெயிச்சது போதும், கழட்டிட்டு உள்ள வாங்க' என்றாள், சொல்லி முடிப்பதற்குள் அவளும் தும்மினாள்.

தாயும் பிள்ளையுமாக நல்லபடி பிழைத்து எழுந்து நீடூழி வாழ வேண்டும். கனமான எதையும் தூக்காதே. அம்மாவுக்குத் துணையாக உன் அத்தை வந்துவிட்டாள், நான் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்படுகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, மாப்பிள்ளையை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடாதே. போர்டைப் படித்து, தெருப் பெயரைப் படித்து, வீட்டு நம்பரைப் படித்து, நானே வந்து கதவைத் தட்டுவேன்.

இப்படிக்கு,
சொந்தக் கையால் எழுதும்
உன் அப்பா