முழங்கையில் கொஞ்சம் தளர்வு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன" என்பாய்.

அரைக்கைச் சட்டை வேண்டாம் என்றாய், முழுக்கை தைத்தேன். இப்போது முழங்கையில் இழுக்கிறது, இன்னும் தளர்வு வை என்கிறாய். நான் சட்டை தைக்கிறேனா, தலையணை உறை தைக்கிறேனா? ஆள் இளைத்துக்கொண்டே போகும்போது முழங்கை மட்டும் பெருத்துப்போகுமா? ஒளிக்காமல் எழுது. எனக்குக் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து விரல் முட்டியெல்லாம் காய்த்துக் கிடக்கிறது. இதற்குமேல் எழுத முடியாது.

உன் அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

நீ தளர்த்தி அனுப்பிய சட்டை கச்சிதம். முழங்கையில் மஞ்சளாக நாலைந்து கட்டி, வலியே இல்லை. அப்பாவுக்கும் இருந்ததே, அழுத்தி விளையாடுவோமே! குடும்ப முத்திரை என்று வைத்துக்கொள். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் லாரியை யார் ஓட்டுவது? சும்மா கத்தாதே.

தம்பி


ஜூலை 2

டேய்,

முத்திரையாம்! அந்த முத்திரையோடுதான் அப்பா நாற்பதைத் தொடும் முன்பே சாப்பாட்டுத் தட்டின்மேல் சாய்ந்தார், எழவேயில்லை. உனக்கு இப்போது முப்பத்தெட்டு. கடைக்கு வரும் நர்ஸம்மாவிடம் சொன்னேன். "ரத்தத்துல கொழுப்பு ஏறினா தோல்ல இப்படித் தேங்கும், உடனே டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார். உனக்குக் கொழுப்பு என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டாள், அது வேறு விஷயம்.

ரத்தம் கொடுக்கும்வரை உனக்குச் சட்டையும் கிடையாது, கடிதமும் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

அக்கா


ஜூலை 30

என் அக்காவுக்கு,

போய்விட்டு வந்தேன், போதுமா? நர்ஸம்மா சொன்னதேதான். ரத்தத்தில் கொழுப்பு அவ்வளவு இருந்ததை நம்பாமல் டாக்டர் மறுபடியும் சோதிக்கச் சொன்னார். மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன், சத்தியமாக.

இது பரம்பரையாம். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கு விரல் முட்டியில, குதிகால்ல கட்டி உண்டா?" என்று கேட்டார். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தால், விரல் முட்டியெல்லாம் காய்த்துக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கத்தரிக்கோல் பிடித்தால் காய்ப்பு உள்பக்கம்தானே வரும்? முட்டியின்மேல் எப்படி வந்தது? கத்தரிக்கோல் தொடாத இடது கையைப் பார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறாயே, உன் கையைப் பார்த்தாயா?

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

இரண்டு கையிலும் இருக்கிறது.

கடையைப் பூட்டிவிட்டு வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுத்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீ என்னைத் திட்டி எழுதியதை நர்ஸம்மாவிடம் காட்டினேன், சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

உன் சட்டைக்குத் துணி வெட்டியாயிற்று. இந்தத் தடவை அரைக்கைதான். அந்தக் கட்டியெல்லாம் கரைகிறதா என்று நான் வந்து பார்க்க வேண்டும்.

அக்கா