அருவிப் படியில் அம்மா பெயர்

வில்லியனூர்
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு ஆனி எழுதுவது.

உங்கள் கன்னியர் மடத்தில் போன் கிடையாது என்பதால்தான் கடிதம். அப்பா தூங்குகிறார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

அப்பா மோட்டார் போட்டுத் தண்ணீர் விடும் எஸ்டேட் செயற்கை அருவி உனக்குத் தெரியும். பிரெஞ்சு துரை ஒருவர் மனைவிக்காகக் கட்டியது என்று போர்டில் இருக்குமே, அதேதான். போன வருஷப் புயல் வெள்ளத்தில் இடிந்ததைத் திரும்பக் கட்டிவிட்டு, 'பழைய கற்களால் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

இன்று மோட்டாரை நிறுத்திப் பாசி தேய்த்தார்கள். நானும் பிரஷ் எடுத்து, எல்லாரும் நின்று போட்டோ எடுக்கும் படியைத் தேய்த்தேன். எழுத்து வந்தது. அன்னாமேரி. கீழே அம்மா இறந்த தேதி.

வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்களே, அந்தக் கல்லறைக் கல், அக்கா.

திரும்பினால் அப்பா. என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "தங்கவேலு, மோட்டாரப் போடுப்பா" என்று கூட வேலை பார்க்கும் அண்ணனிடம் சொன்னார். தண்ணீர் வந்து மூடிவிட்டது. வூட்டுக்கு வந்து எப்போதும்போலத் தோசை சாப்பிட்டார்.

பங்குச் சாமியாரிடம் சொல்லட்டுமா?

உன் தங்கை
ஆனி


சேலம்
21.10.2025

செல்லத் தங்கை ஆனிக்கு,

ஆண்டவர் உன் பயத்தை எடுத்துப்போடட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சாமியாரிடம் போகாதேடி. அப்பா தவக்காலத்திலேயே எனக்கு எழுதிவிட்டார். கல்லறை மதில் இடிந்து சிதறிக் கிடந்த கற்களை டிராக்டரில் ஏற்றிவர முதலாளி சொன்னாராம். அம்மாவுடையதை வேறு யார் கையிலும் விடாமல் தானே பதித்தாராம். கல் வெறும் கல்தானே. அம்மா ஆண்டவரிடம் இருக்கிறாள். அப்பா வேலை போனால் உன் படிப்பும் போகும். கல்லறைத் திருநாளுக்கு மண்ணிலேயே மெழுகுவர்த்தி ஏற்று.

உனக்காக ஜெபிக்கும் அக்கா
சுகந்தி


வில்லியனூர்
2.11.2025

சிஸ்டர் மரிய சுகந்திக்கு,

உனக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று மெழுகுவர்த்தியோடு அருவிக்குப் போனேன். ஒரு அண்ணன் செருப்போடு அந்தப் படியில் நின்று செல்பி எடுத்தார். "இது எங்கம்மா கல்லு. எறங்குங்கண்ணா" என்றேன்.

"இன்னா பாப்பா, பயமுறுத்துறியா?" என்று சிரித்தார்.

அப்பா போய் மோட்டாரை நிறுத்தினார். அந்த அண்ணன் குனிந்து படித்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மா கல்லை எடுக்க அப்பாவும் தங்கவேலு அண்ணனும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அடியில் இன்னொரு கல். அதிலும் பெயர். பக்கத்து வூட்டு ஆரோக்கியம் அத்தையின் மகன் ஜெயசீலன்.

"இதுவும் நீங்க வச்சதாப்பா?"

அப்பா ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாமே நாந்தாம்மா."

அத்தை இன்று சாயந்திரமும் வெறும் மண்ணில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா கெஞ்சுகிறார். நீயும் அதைத்தான் எழுதுவாய். உன் பதில் வர ஒரு வாரம் ஆகும். விடிந்ததும் அத்தை வாசல் தெளிக்க வருவார். அப்போதே சொல்லிவிடுவேன்.

ஆனி மேரி