பாசி நிறம்

பழைய நோட்டு செல்லாது என்று சொல்லி ஊரே பேங்க் வாசலில் நின்ற வருடம் அது. கார்த்திகை கடைசியில் அடித்த புயலில் வேடந்தாங்கல் ஏரிக்குள் மரங்கள் முறிந்து விழுந்ததும் அதே வருடம்தான். எழுத்து தெரியாத எனக்கு வருடம் இப்படித்தான் ஞாபகம். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இன்று காலையில் அவள்தான் பெட்டியைத் திறந்து என் மழை ஜாக்கெட்டை எடுத்தாள். தன் பைக்குள்ளேயே தன்னை மடித்துக்கொண்டு தேங்காய் மூடி அளவில் கிடந்தது. பிரித்தபோது உள்பூச்சு உரிந்து பிசுபிசுவென்று ஒட்டியது. "மாமா, இத தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள். அந்த ரப்பர் வாசனையில் நீ வந்து நின்றுவிட்டாய், மச்சான்.

அதுவரை மழைக்கு நமக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் மாட்டும் கொங்காணிதான். பறவை பார்க்க வருகிறவர்களைக் கரையில் நடத்திக் கூட்டிப்போவோம். கணக்கெடுக்கும் நாளில் படகு தள்ளுவோம். காற்றில் சாக்கு பறக்கும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வேலை செய்வோம். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது செங்கல்பட்டில் மழை ஜாக்கெட் விற்கும் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெரியவர் துணியில் தண்ணீர் தெளித்தார், சேம்பு இலையில் விழுந்ததுபோல உருண்டு ஓடியது. நீ வாயை வைத்து ஊதிப் பார்த்தாய், மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு காதோரம் வைத்துக் கசக்கினாய். சரசரத்தால் நாரை எழுந்துவிடும் என்றாய். பெரியவர் சிரித்தார்.

எல்லாம் பொருந்தியது. நிறத்தில்தான் தகராறு. நீ ஆரஞ்சைக் கையில் எடுத்துவிட்டாய். நான் பிடுங்கி வைத்தேன்.

"பட்டாசு வெடிக்காத ஊருக்காரன் நீ. இதப் போட்டுகினு போயி கூட்டுல கீற குஞ்ச எல்லாம் எழுப்புவியா?"

அந்தப் பேச்சுக்கு நம் ஊரில் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். பாசி நிறத்தில் ஆளுக்கொன்று எடுத்தோம். வெளியே வந்து போட்டுப் பார்த்துவிட்டு, "இதோட ஏரிக்குள்ள போனா எம் பொஞ்சாதிக்கே என்னத் தெரியாது மச்சான்" என்றாய். பஸ் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

புயலன்று மதியம் படகுக் கயிறு அறுந்தது என்று அதைப் போட்டுக்கொண்டு போனாய். காற்று ஓய்ந்தும் நீ வரவில்லை. நான், காவலுக்கு இருந்த எட்டியப்பன், உன் மனைவி, மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் தேடினோம். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் எங்கு பார்த்தாலும் முறிந்த கிளை, தழை, பாசி. நீ கிடந்த கடப்ப மரத்தை நான் இரண்டு தடவை கடந்து போயிருக்கிறேன். மூன்றாம் தடவை உன் மனைவியின் காலில் உன் கை தட்டுப்பட்டது. தலை தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. காலின்மேல் கிளை. உடம்பில் இன்னும் சூடு இருந்தது, மூச்சுதான் இல்லை.

ஆரஞ்சாக இருந்தால் கரையில் நின்றே பார்த்திருப்பேன்.

பதினாறாம் நாள் அவள் என்னிடம் கேட்டாள்: "ஏன் அண்ணாத்த, அவுரு போயும் போயும் இந்தக் கலர எடுத்தாரு?" பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். தன் உயிரைத் தானே அலட்சியம் செய்தவன் என்று உன்மேல் அவளுக்கு இன்றுவரை கோபம். அந்தக் கோபத்தை உன் தலையில் வைத்துவிட்டு நான் சும்மா இருந்தேன்.

ஜாக்கெட்டைத் தூக்கிப் போடாதே என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு அதையும் இந்தக் கடுதாசியையும் எடுத்துக்கொண்டு, உன் மனைவி இப்போது மகளோடு இருக்கும் திருவிடந்தைக்குப் போகிறோம். மருமகள் படிப்பாள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

கடைக்காரப் பெரியவர் போய்விட்டார். எட்டியப்பன் போன மாசியில் போனான். நீ போய் இத்தனை வருடம். இதைக் கேட்க வேண்டியவள் மட்டும் இன்னும் இருக்கிறாள், உன் கன்னியம்மா.