பனிமனிதனுக்கு ஒரு ஸ்வெட்டர்

என் சண்டைக்காரிக்கு,

நானும் நம் வாண்டும் சுகம். வீடு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. அங்கே உன் நோயாளிகளாவது நீ சொல்வதைக் கேட்கிறார்களா?

இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறது உன் ஆஸ்பத்திரி, இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக இரு, நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது.

இரவெல்லாம் பனி கொட்டுகிறது. காலையில் தெரு இன்னும் தூக்கம் கலையாமல் கிடக்கிறது. பள்ளியில் என் குட்டிப் பட்டாளத்துக்கு இப்போது குளிர்காலப் பாடம். வாயிலிருந்து ஏன் புகை வருகிறது என்று கேட்டேன். வயிற்றுக்குள் யாரோ சமைக்கிறார்கள் என்றான் ஒரு பொடியன். முற்றத்தில் நின்று எல்லோரும் ஊதினோம். சின்னச் சின்ன மேகங்கள் எழுந்து, ஒன்றோடொன்று கலந்து, காணாமல் போயின. விளக்கம் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு பனிக்கட்டியைத் தட்டில் வைத்தேன். இன்னொன்றைக் கம்பளியில் சுற்றினேன். சுற்றியதுதான் முதலில் கரையும் என்று வகுப்பே சத்தியம் செய்தது. கரைந்தது என்னவோ தட்டில் இருந்ததுதான். கம்பளி தானாகச் சூடு தராது, வெளிச்சூட்டை உள்ளே விடாது, உள்சூட்டை வெளியே விடாது என்று சொன்னேன். எல்லோருக்கும் புரிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம் மகளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். ஸ்வெட்டர் எங்கே என்றால் வாசலைக் கை காட்டினாள். வாசலில் போய்ப் பார்த்தால், அவள் செய்த பனிமனிதன் அதைப் போர்த்திக்கொண்டு நிற்கிறான். மேலே உன் பழைய நீலக் கோட்டு வேறு. அம்மா வந்து பார்க்கும்வரை அவன் கரையக் கூடாதாம். திட்ட வாயெடுத்தேன். சொல்லிக்கொடுத்தவனே நான், எந்த முகத்தோடு திட்டுவது? தூக்கிக்கொண்டு வந்து போர்வைக்குள் வைத்தேன். அவள் தூங்கியபின் எனக்குத்தான் அழுகை வந்தது.

வெயில் ஏறினால் எந்தக் கம்பளியும் தாங்காது என்பதை அவளுக்கு நான் இன்னும் நடத்தவில்லை. நடத்த எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வருடமெல்லாம் வேண்டாம், கிளம்பி வா. அவளைச் சாக்கு வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கும் முடியவில்லை.

பத்திரமாக வந்து சேர்.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் வாத்தியார்